மருத்துவமனை வாசலுக்கு அப்பால்: மனநோயும் சமூகப்பணி ஆய்வும்

1. கேள்வி

மார்ச், ஏப்ரல் மாதங்களில் சமூகப்பணித் துறை உள்ள கல்லூரிகளின் அக்கம்பக்கத்துப் பைண்டிங் கடைகளில் கூட்டம் அலைமோதும். முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஆய்வேட்டுக்கு அட்டை போட்டு வாங்கக் காத்திருப்பார்கள். மெரூன் அட்டை, பொன்னிற எழுத்து, உள்ளே ஐந்து அத்தியாயங்கள். மருத்துவ, மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களின் ஏடுகளில் தலைப்புகள் பெரும்பாலும் ஓர் அச்சில் வார்த்தவைதான்: மனச்சிதைவு நோயாளிகளைப் பராமரிப்போரின் சுமை, குடிநோயாளிகளின் மனைவியருக்கு உள்ள மன அழுத்தம், இப்படி. களப்பணிக்குப் போன நிறுவனத்திலேயே கிடைத்த அறுபது பேர்; வேறெங்கோ உருவான ஓர் அளவுகோல்; வயதுக்கும் சுமைக்கும் தொடர்பு உண்டா, வருமானத்துக்கும் சுமைக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு கை-வர்க்கச் சோதனை. கடைசி அத்தியாயத்தில், அரசு விழிப்புணர்வு முகாம்கள் நடத்த வேண்டும் என்ற பரிந்துரை.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்பு, களப்பணி அறிக்கை, தேர்வு இவற்றுக்கு நடுவே ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை அது. கேட்க வேண்டியது துறையைத்தான். மனநோய் என்ற பரப்பில் மருத்துவர் கேட்காத எந்தக் கேள்வியைச் சமூகப்பணி ஆய்வு கேட்க வேண்டும்? அப்படிக் கேட்டவர்கள் யார்? அவர்களுக்குக் கிடைத்த விடைகள் எவ்வளவு உறுதியானவை?

தமிழ்நாட்டை மையமாகக் கொண்டு நடந்த ஆய்வுகள் சிலவற்றை வைத்து இக்கேள்விகளை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. அதன் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். திருமணம், வீடு, வேலை, உறவு என்று சமூகப்பணிக்கே உரிய விஷயங்களைத் தீவிரமாக ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் மனநல மருத்துவர்களும் மானிடவியலாளர்களும்தான். தனக்குரிய நிலத்தைப் பிறர் உழ விட்டுவிட்டு, வரப்பில் நின்று சுமையை அளந்துகொண்டிருக்கிறது சமூகப்பணி.

2. பின்னணி: ஒரு துறையும் அதன் அதிர்ச்சியும்

சமூகப்பணி, ஆய்விலிருந்தே பிறந்த தொழில் என்று சொல்வது மிகையாகாது. சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் முதலானோர் 1889இல் தொடங்கிய ஹல் ஹவுஸ் குடியிருப்பிலிருந்து, அக்கம்பக்கத்து மக்களின் இனம், கூலி, வாழிடம் ஆகியவற்றைத் தெருவாரியாகக் காட்டும் வரைபடத் தொகுப்பு 1895இல் வெளிவந்தது. மேரி ரிச்மண்டின் ‘சோஷியல் டயக்னோசிஸ்’ 1917இல் வந்தபோது, தனிநபர் உதவிப் பணிக்கு மருத்துவத்தைப் போன்ற ஒரு முறைமை கிடைத்தது. அந்த இரண்டு மரபுகளுக்கும் இடையிலான இழுபறி இன்னும் ஓயவில்லை. ஒன்று தெருவைப் பார்க்கிறது. மற்றது ஆளைப் பார்க்கிறது.

ஆளைப் பார்த்த மரபுக்கு 1973இல் ஓர் அடி விழுந்தது. தனிநபர் உதவிப் பணியால் பலன் உண்டா என்று சோதித்த பதினொரு கட்டுப்பாட்டு ஆய்வுகளை ஜோயல் ஃபிஷர் ஒன்றாக வைத்துப் பார்த்தார். தொழில்முறைச் சமூகப்பணியாளரின் உதவி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள் என்று காட்டும் சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. எதிர்ப்புகள் கிளம்பின, அளவுகோல்கள் சரியில்லை என்றனர், காலம் போதவில்லை என்றனர். ஆனாலும் மேலைநாட்டுச் சமூகப்பணி அதற்குப் பிறகு பலனை நிரூபிக்கும் கட்டாயத்துக்கு ஆளானது.

இந்தியாவில் அந்த அதிர்ச்சி உறைக்கவேயில்லை. கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் தலைமையில் பம்பாயில் 1936இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். அவருக்குப் பின் அதன் பொறுப்பை ஏற்றவர் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர் ஜே.எம். குமரப்பா. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் மெட்ராஸ் சமூகப்பணிப் பள்ளி உருவானது. ஆட்களைப் பயிற்றுவித்து அனுப்புவதே இந்நிறுவனங்களின் முதல் வேலையாக இருந்தது. ஆய்வு, பட்டத்துக்கான நிபந்தனையாகப் பாடத்திட்டத்துக்குள் வந்து அமர்ந்துகொண்டது.

3. குடும்பம்: ஆய்வுப் பொருளா, கூட்டாளியா?

மனநோயாளியின் குடும்பத்தைப் பற்றிய இந்தியச் சிந்தனை ஆய்வுக் கூடத்தில் தொடங்கவில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினர்களைத் தங்க வைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையத்தில், உடன் ஓர் உறவினர் தங்குவது சிகிச்சையின் ஓர் அங்கமாகவே ஆனது. நோயாளி துவைக்கிறாரா, சமைக்கிறாரா, தூங்குகிறாரா என்று பக்கத்திலிருந்து பார்ப்பவர் தாயோ மனைவியோதான்; மருந்தின் விளைவை மருத்துவருக்குச் சொல்பவரும் அவர்தான். அதே காலத்தில் மேலைநாடுகளில் குடும்பத்தையே நோய்க்குக் காரணமாகக் காட்டும் கொள்கைகள் செல்வாக்கோடு இருந்தன என்பதை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் துணிச்சல் புரியும்.

1981இல் ஷைலா பாய், ஆர்.எல். கபூர் இருவரும் பெங்களூரிலிருந்து குடும்பச் சுமையை அளக்கும் நேர்காணல் பட்டியலை வெளியிட்டனர். பணச் செலவு, அன்றாட வேலைகளின் குலைவு, ஓய்வின்மை, குடும்பத்துக்குள் உரசல், மற்றவர்களின் உடல்நலம், மனநலம் என ஆறு தலைப்புகளில் 24 கேள்விகள். குடும்பம் படும் பாட்டை மருத்துவ இதழ்களின் கவனத்துக்குக் கொண்டு சென்றதில் இதற்குப் பெரும் பங்குண்டு. பின்னர் சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு 40 கேள்விகள் கொண்ட சுமை அளவுகோல் ஒன்றை உருவாக்கியது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக நீண்ட காலம் இருந்த டாக்டர் எம். சாரதா மேனன் 1984இல் நிறுவிய அமைப்பு அது.

இவ்விரு அளவுகோல்களும் அவற்றுக்குரிய காலத்தில் தேவையான வேலையைச் செய்தன. சிக்கல் பிறகுதான் தொடங்குகிறது. ஒரே அளவுகோலை நாற்பது ஆண்டுகள் வெவ்வேறு ஊர்களில் பொருத்திப் பார்த்து, சுமை இருக்கிறது, ஏழைகளுக்கு அதிகம் இருக்கிறது, பெண்களுக்கு இன்னும் அதிகம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் புதிதாக எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. கேள்விகள் எல்லாம் பராமரிப்பவரை நோக்கியவை. பராமரிக்கப்படுபவர் அந்தத் தாளில் ஒரு சுமையாக மட்டுமே இடம்பெறுகிறார். வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துவரும், தம்பி பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகும், ரேஷன் வரிசையில் நிற்கும் நோயாளிக்கு அங்கே கட்டம் ஒதுக்கப்படவில்லை.

அளவீடு பணமாக மாறும் இடத்தையும் கவனிக்க வேண்டும். மனநோயால் ஏற்படும் ஊனத்தைச் சான்றளிக்க இந்திய மனநல மருத்துவச் சங்கம் உருவாக்கிய ‘ஐடியாஸ்’ அளவுகோலில் தன் பராமரிப்பு, பிறருடன் உறவு, பேச்சும் புரிதலும், வேலை என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்; நோயின் கால அளவுக்குத் தனி மதிப்பெண். மொத்தம் 7ஐ எட்டினால் 40 சதவீத ஊனம். அதற்குப் பிறகுதான் சலுகைகளின் கதவு திறக்கும். இதில் வேலை என்ற கட்டத்தில் இல்லத்தரசிக்கு வீட்டு வேலை கணக்கில் வருகிறது. மருமகளுக்கு உடம்பு முடியாமல் மாமியார் சமைக்கும் வீட்டிலும், எவ்வளவு முடியாவிட்டாலும் அவரே சமைத்தாக வேண்டிய வீட்டிலும் ஒரே நோய் இரண்டு வெவ்வேறு எண்களாக மாறலாம். மருத்துவர் எண்ணைப் போடுவார். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அடுப்படியைப் பார்த்துவர வேண்டியவர் சமூகப்பணியாளர்.

4. தாலி: ஓர் ஆய்வை நெருங்கிப் பார்த்தல்

“கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்.” மனநலப் பிரிவின் புறநோயாளிகள் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கமானது. பெண்ணுக்கு நோய் இருப்பதை மறைத்துத் திருமணம் நடக்கும். புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்க வேண்டியிருக்கும், அல்லது நிறுத்த வேண்டியிருக்கும். நோய் மீண்டும் தலைகாட்டும். பெண் பிறந்த வீட்டுக்கு வருவாள். இது ஊரறிந்த கதை. ஆனால் ஊரறிந்த கதை எப்போது ஆய்வாகிறது?

சென்னையில் மனச்சிதைவு நோயின் முதல் தாக்குதலோடு வந்த 90 பேரை 1980களின் தொடக்கத்தில் பதிவுசெய்து, அவர்களையே ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த மெட்ராஸ் நீள்கால ஆய்வு இங்கே உதவுகிறது. டாக்டர் ஆர். தாராவும் அவர் குழுவினரும் பத்தாம் ஆண்டிலும் 76 பேரை விடாமல் பிடித்திருந்தனர். வீடு மாறுவதும் பெயர் மாறுவதும் சர்வசாதாரணமான நகரத்தில் இது சிறிய காரியமில்லை. அந்த 76 பேரின் மணவாழ்வை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 70 சதவீதத்தினர் திருமணம் ஆனவர்கள் என்று தெரிந்தது. மனச்சிதைவு வந்தால் மணவாழ்வு இல்லை என்ற மேலைநாட்டு எதிர்பார்ப்புக்கு இது நேர் எதிரானது. ஆனால் சராசரிக்குள் ஒரு பிளவு ஒளிந்திருந்தது. ஆண்களில் திருமணமே ஆகாதவர்கள் அதிகம். பெண்களில் திருமணம் முறிந்தவர்கள் அதிகம்.

அந்தப் பிளவைத் தேடிப் போன அடுத்த ஆய்வு 2003இல் வந்தது. தாரா, சாந்தா காமத், சுபா குமார் மூவரும் மணமுறிவுக்கு ஆளான மனச்சிதைவு நோயாளிப் பெண்களிடம் எண்களை ஒதுக்கிவைத்துப் பேச்சாகவே கேட்டனர். பிறகு அவர்களைப் பராமரிப்போரிடமும் கேட்டனர். கிடைத்த செய்திகள் எந்தச் சுமை அளவுகோலிலும் அகப்படாதவை. கணவன் விட்டுப்போய்ப் பல ஆண்டுகளான பின்பும் பலர் தாலியைக் கழற்றவில்லை. திரும்ப அழைத்துக்கொள்வான் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. சட்டப்படி விவாகரத்து ஆனவர்கள் குறைவு. ஜீவனாம்சம் பெற்றவர்கள் அதைவிடக் குறைவு. மனநோயாளி என்ற பெயரைவிட வாழாவெட்டி என்ற பெயர்தான் அதிகமாகச் சுட்டது. பார்த்துக்கொள்வது வயதான பெற்றோர். “எங்களுக்கு அப்புறம் இவளுக்கு யார்?” என்பதே அவர்களின் முதன்மைக் கவலை.

இந்த முடிவுகளுக்கு வரம்பு உண்டு. சிகிச்சைக்கு வந்து சேர்ந்த பெண்கள் இவர்கள்; வராதவர்களின் நிலை தெரியாது. கணவன் தரப்பு இதில் பேசவில்லை. ஆனாலும் சமூகப்பணிக்கு இங்கே அடுக்கடுக்காக வேலை இருக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மனநலமின்மையைத் திருமணத்தின் செல்லுந்தன்மையோடும் மணமுறிவோடும் இணைக்கிறது. அந்தப் பிரிவுகள் குடும்ப நீதிமன்றங்களில் எப்படிப் பயன்படுத்தப்படுகின்றன? மருத்துவச் சீட்டு எப்படிச் சாட்சியாகிறது? பெண்ணின் நகை, சீர் என்ன ஆகின்றன? குழந்தை யாரிடம் வளர்கிறது? சட்ட உதவி மையத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே அன்றாடம் நடந்துகொண்டிருப்பவர் சமூகப்பணியாளர். அவர் கையில் இருக்கும் கோப்புகள் ஆய்வாக மாறியிருந்தால் இந்தக் கேள்விகளுக்கு இன்று விடை கிடைத்திருக்கும்.

5. ஏர்வாடியும் முத்துசாமி கோயிலும்

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா உள்ள ஏர்வாடியில், மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

நிகழ்வுக்கு மூன்று விளக்கங்கள் உடனே புழக்கத்துக்கு வந்தன. மூடநம்பிக்கைதான் காரணம், மக்கள் தர்காவை விட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பது ஒன்று. உரிமம் இல்லாமல் காப்பகம் நடத்த விட்ட நிர்வாகத்தின் தோல்வி என்பது இரண்டாவது. சிகிச்சை எட்டாத் தொலைவில் இருப்பதுதான் வேர் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் விளக்கம்தான் மேடைகளில் அதிகம் ஒலித்தது, அதுதான் மற்ற இரண்டையும்விட வலுவற்றது. ஏர்வாடிக்கு வந்த குடும்பங்கள் மருத்துவமனையே அறியாதவை என்பதற்குச் சான்றில்லை. தர்காவில் மந்திரிப்பதும் மாத்திரை வாங்குவதும் ஒரே குடும்பத்தில் ஒரே வாரத்தில் நடப்பவை. நம்பிக்கை ஒருவரை தர்கா வாசல் வரை அழைத்து வரும். மாதப் பணம் கட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவதற்கு வேறு காரணங்கள் வேண்டும்: வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம், மற்ற பிள்ளைகளின் திருமணம், இரவெல்லாம் விழித்திருந்து ஓய்ந்துபோன உடம்பு.

ஏர்வாடிக்குப் பிறகு ஓராண்டு முடிவதற்குள், 2002 ஜூலையில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறிய கட்டுரை வந்தது. ஆர். ரகுராமும் சகாக்களும் எழுதியது. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் முத்துசாமி கோயிலுக்கு மனநோயோடு வந்து தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்திருந்தனர். சராசரியாக ஆறு வாரத் தங்கல். உடன் குடும்பத்தார் ஒருவர். விசேஷச் சடங்கு, மந்திரிப்பு ஏதும் கிடையாது. காலையில் பூஜை, பிறகு வளாகத்தைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சில்லறை வேலைகள். வந்தபோதும் கிளம்பும்போதும் நோய்க்குறி அளவுகோலில் எடுத்த மதிப்பெண்கள் சராசரியாக 52.9இலிருந்து 42.9ஆகக் குறைந்திருந்தன. ஏறத்தாழ 20 சதவீதக் குறைவு. சில மருந்துகள் தரும் முன்னேற்றத்துக்கு நிகரானது என்று கட்டுரையாளர்கள் எழுதினர்.

வாதம் மூண்டது, மூள வேண்டியதுதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. நோய் தானாகவே தணியும் காலமும் உண்டு. மோசமான நேரத்தில்தான் கோயிலுக்கு வருவார்கள். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கோயிலைவிட்டுப் போன பிறகு என்ன ஆனது என்பதும் இதில் இல்லை. இந்த எதிர்வாதங்கள் எல்லாம் சரியானவை. ஆயினும் கோயில் குணப்படுத்துமா என்ற கேள்வியில் இரு தரப்பும் முட்டிக்கொண்டதால், அதைவிட முக்கியமான ஒப்பீடு தப்பிப்போனது. இரண்டும் வழிபாட்டிடங்கள், இரண்டிலும் மருந்தில்லை. ஒன்றில் சங்கிலியும் விட்டுச்செல்லும் வழக்கமும். மற்றதில் உடன் தங்கும் உறவினரும் கையில் ஒரு துடைப்பமும். ரகுராம் குழுவே பலனுக்குக் காரணமாகச் சுட்டியது, அச்சுறுத்தாத ஆதரவான சூழலைத்தான். சூழலின் எந்த உறுப்பு வேலை செய்கிறது என்று பிரித்தறிவது சமூகப்பணி ஆய்வின் இயல்பான அடுத்த படி. வேலூரின் ஏற்பாட்டையும் கோயிலின் ஏற்பாட்டையும் ஒரே சட்டகத்தில் வைத்து அந்த அடுத்த படியைத் துறை எடுத்திருக்க வேண்டும்.

6. ஆறுதல் தரும் ஒரு கோட்பாடு

குடும்பம் கைவிடாத நாடுகளில் மனச்சிதைவு விரைவில் தணிகிறது என்ற கருத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பெயரே பின்பலமாக இருந்தது. 1960களின் இறுதியில் தொடங்கிய அதன் பன்னாட்டு ஆய்வில் ஆக்ராவும், அடுத்த ஆய்வில் சண்டிகரும் இடம்பெற்றன. வளரும் நாடுகளின் நோயாளிகள் மேலைநாட்டினரைவிட நன்றாகத் தேறினார்கள் என்ற முடிவு, பாடநூல்களில் ஏறக்குறைய விதியாகவே ஆனது. நம்முடைய கூட்டுக் குடும்பத்துக்குக் கிடைத்த நற்சான்றிதழாக அதை இங்கே மேடைதோறும் வாசித்தோம்.

2008இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், தாரா, ஓயே குரேஜே நால்வரும் 11 நாடுகளின் 23 நீள்கால ஆய்வுகளை அடுக்கிப் பார்த்து இதைக் கேள்விக்குள்ளாக்கினர். முடிவுகள் இடத்துக்கு இடம் மாறின. இறப்பு, தற்கொலை, சிகிச்சையே பெறாதவர்கள் ஆகியவை சராசரிக்குள் காணாமல் போயிருந்தன. திருமணமானவர், வேலைக்குப் போகிறவர் என்று பதிவாவது நலத்தின் அடையாளமா, வேறு வழியின்மையின் அடையாளமா என்பதும் தெளிவாகவில்லை. நம்பகமான நீள்காலத் தரவைச் சென்னையில் திரட்டியவரே இந்தக் கேள்வியையும் எழுப்பினார் என்பது கவனத்துக்குரியது.

கோட்பாடு ஆட்டம் கண்டது. ஆனால் குடும்பத்தின் செல்வாக்கு போய்விடவில்லை. டி.எம். லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் ஸ்கார்ஃபின் ஆர். பத்மாவதி உள்ளிட்ட சகாக்களும் சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மேட்டியோ ஆகிய இடங்களில் இடத்துக்கு 20 பேர் வீதம் பேசி, காதில் ஒலிக்கும் குரல்களைப் பற்றிக் கேட்டனர். அமெரிக்கர்கள் பலர் தங்கள் குரல்களை வன்முறையோடும் மூளைக் கோளாறோடும் சேர்த்து விவரித்தனர். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டது உறவினர் குரல். போய்க் குளி, சாப்பிடு, வீட்டைச் சுத்தம் செய், கடைக்குப் போ என்று அதட்டும் குரல்கள். அறுபது பேரை வைத்துப் பண்பாட்டையே அளந்துவிட முடியாது. ஆனால் நோய்க்குள்ளும் மாமியும் சித்தப்பாவும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், உறவை ஆராயாமல் இங்கே நோயை ஆராய முடியாது.

குடும்பத்தோடு நிற்கவும் முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரும் இடப்பெயர்வும் ஆழிப்பேரலையும் கண்ட வட இலங்கையில் தனிமனித மனவடு என்ற அலகு போதாது என்று வாதிட்டார். குடும்பங்களும் கிராமங்களும் அவற்றை இணைத்திருந்த நம்பிக்கையும் சேர்ந்தே உடைந்தன. ஆகவே ஆய்வின் அலகும் சிகிச்சையின் அலகும் சமூகமாக இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இதையும் சொன்னவர் மருத்துவர்தான்.

7. செய்து பார்க்கும் ஆய்வுகள்

ஃபிஷரின் கேள்விக்கு இந்திய மண்ணில் கிடைத்த நேரடிப் பதில் ‘காப்சி’ ஆய்வு. காஞ்சிபுரம் பகுதி, கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரின் வீட்டு வருகை. மாத்திரை, உடல்நலம், குடும்பத்தோடு பேச்சு, உரிமைகள், வேலைக்கு வழி என்று அந்தப் பணியாளர் கையாண்டதெல்லாம் சமூகப்பணிப் பாடப்புத்தகத்தின் பொருளடக்கம்தான். ஓராண்டு முடிவு 2014இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. நோய்க்குறியும் ஊனமும் ஓரளவு குறைந்தன; பலன் தெளிவாகத் தெரிந்தது சிகிச்சை வசதி குறைந்த காஞ்சிபுரம் கிராமப்புறத்தில். செலவு கூடியது. களங்கம் குறைந்ததாகத் தெரியவில்லை.

பலர் இந்த முடிவைச் சிறியது என்று ஒதுக்கிவிடுவார்கள். அது தவறு. எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை, எதை மாற்றவில்லை என்று சொல்லும் ஆய்வு இது. இத்தகைய நேர்மையான சிறிய முடிவுகளே அடுத்த கட்டப் பணியை வடிவமைக்க உதவுகின்றன.

இன்னொரு எடுத்துக்காட்டு, துறைக்குப் பெருமை சேர்ப்பது. 1993இல் சென்னையில் தி பான்யன் அமைப்பைத் தொடங்கிய இருவரில் வந்தனா கோபிகுமார் மெட்ராஸ் சமூகப்பணிப் பள்ளியில் படித்தவர். மற்றவர் வைஷ்ணவி ஜெயகுமார். தெருவில் மனநோயோடு திரியும் பெண்களுக்கு அடைக்கலம் என்று ஆரம்பித்த பணி, தேறிய பின்பும் திரும்ப வீடில்லாதவர்கள் என்ற பெருஞ்சிக்கலில் போய் முட்டியது. 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ வந்தது. நீண்டகாலம் காப்பகத்தில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில், வாடகை வீட்டில் வாழ்வது. தேவைக்கேற்ப உதவ ஒரு பணியாளர். யாரோடு வாழ்வது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். காப்பகத்தில் தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டுப் பதிவுசெய்தபோது சமூகத்தில் கலந்து வாழ்வது கூடியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் இது முன்மாதிரிகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

இதன் தேவை எவ்வளவு என்பதை ஒரு கணக்கெடுப்பு காட்டுகிறது. நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் நடந்து 2019 அளவில் வெளியான அந்த ஆய்வின்படி, உள்ளே இருந்தவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஓராண்டுக்கும் கூடுதலாக அங்கேயே இருந்தவர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சமூகத்தில் வாழும் உரிமையைத் தருகிறது. 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. 19ஆம் பிரிவு எத்தனை பேரை வெளியே கொண்டுவந்தது, வந்தவர்கள் எங்கே வாழ்கிறார்கள், வாடகைக்கு வீடு கேட்டபோது உரிமையாளர் என்ன சொன்னார் என்பவை இனிமேல்தான் ஆராயப்பட வேண்டும்.

8. துறைகள் செய்யக்கூடியது

மேலே கண்ட ஆய்வுகளில் நிலைத்து நின்றவற்றுக்கு இரண்டு பொதுத்தன்மைகள் தெரிகின்றன. ஆட்களை நீண்ட காலம் விடாமல் தொடர்ந்தது ஒன்று. நோய்க்குறியோடு நிற்காமல் வாழ்க்கையின் விவரத்தைக் கேட்டது மற்றொன்று. இரண்டும் பெருநிதி இல்லாமல் முடியாதவை என்ற எண்ணம் தவறானது. சமூகப்பணிக் கல்லூரிகளிடம் மற்ற எவரிடமும் இல்லாத ஒரு வசதி உண்டு: ஆண்டுதோறும் ஒரே களப்பணி நிறுவனத்துக்கு, ஒரே ஊருக்கு, புதிய மாணவர் அணி போய்க்கொண்டே இருக்கிறது. முன்னவர் சந்தித்த குடும்பத்தைப் பின்னவர் சந்திக்கும் ஏற்பாடு மட்டும்தான் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நோட்டுப் புத்தகம் வெள்ளைத் தாளிலிருந்தே தொடங்குகிறது.

ஒரு துறை நூறு குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் இசைவோடு, பத்து ஆண்டுகள் தொடர்வதாக வைத்துக்கொள்வோம். வேலை, வருமானம், மணவாழ்வு, வீடு, மாத்திரை நின்ற நாட்கள், கோயில் குளம் போன பயணங்கள், கிடைத்த சான்றிதழ், கிடைக்காத சலுகை என்று ஆண்டுக்கொரு முறை பதிவு. ஒரு மாணவர் அதில் பெண்களின் சொத்துரிமையை எடுத்து ஆய்வேடு எழுதலாம்; இன்னொருவர் சகோதரர்களின் பங்கை எடுக்கலாம். பத்தாம் ஆண்டு முடிவில் தமிழில் இதுவரை இல்லாத ஒரு தரவு மூலம் உருவாகியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. நோயாளியின் இசைவைக் குடும்பத்தாரிடம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்கும் பழக்கம் இன்னும் நீடிக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம், மனநோய் உள்ளவருக்கும் தன் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் உண்டு என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குகிறது. ஆய்வும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அடுத்தது, கேள்வித்தாளை வடிவமைக்கும் மேசையில் நோயிலிருந்து மீண்டவர்கள் சிலராவது உட்கார வேண்டும். மெட்ராஸ் ஆய்வின் 90 பேரையோ கோயிலில் தங்கிய 31 பேரையோ அப்படி யாரும் கேட்கவில்லை.

இதைத் தொடங்க அரசாணை வேண்டியதில்லை. துறைத் தலைவரின் முடிவும், நிறுவனத்தின் அறநெறிக் குழுவின் அனுமதியும், ஏற்கெனவே மாணவர்களை ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு மருத்துவமனையின் ஒத்துழைப்பும் போதும். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தமிழ்நாட்டின் சமூகப்பணித் துறைகள் கையிலெடுக்க வேண்டும்.